பாசேஜும் தர்க்கமும்: கிளாட், க்யூட் தேர்வுகளுக்கு ஊரிலிருந்தே தயாராவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமா? திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆசையா? முதலாவதற்கு கிளாட் (CLAT), அடுத்ததற்கு க்யூட் (CUET) என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு நுழைவுத் தேர்வு நிற்கிறது. நம் பொதுத்தேர்வு போல மனப்பாடம் செய்து எழுதிவிடக்கூடிய தேர்வு இல்லை. ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது, என்ன சொல்லவில்லை, சொன்னது எதன்மேல் நிற்கிறது என்று கேட்பார்கள்.

என் தங்கை கீழக்கரையிலிருந்து கிளாட் எழுதினாள். சான்றிதழ், விண்ணப்பம், பயிற்சி, மதுரைப் பயணம் என்று கூடவே அலைந்தவன் நான். யாரைக் கேட்டாலும் "தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிங்க, மாக் டெஸ்ட் போடுங்க" என்றார்கள். பேப்பரில் எதைப் படிப்பது, படித்துவிட்டு என்ன செய்வது என்று கேட்டால் அதற்கு மேல் பதில் வராது. மண்டபம், தொண்டி, சாயல்குடி என்று நம் ராமநாதபுரம் கரையோரப் பிள்ளைகள் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்தத் தேர்வு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கிளாட் என்பது 20-க்கும் மேற்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொதுத் தேர்வு. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இதில் அடக்கம். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு வைத்திருக்கிறது. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான். 2 மணி நேரம், 120 கேள்விகள், ஒரு தப்புக்கு கால் மார்க் போகும். பேனாவால் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்ப வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் 45 சதவீதம் போதும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 40. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். வயது உச்சவரம்பு கிடையாது.

கேள்விகளின் பங்கு ஏறக்குறைய இப்படி: ஆங்கிலம் 22 முதல் 26, நடப்பு நிகழ்வும் பொது அறிவும் 28 முதல் 32, சட்டத் தர்க்கம் 28 முதல் 32, பொதுத் தர்க்கம் 22 முதல் 26, கணக்கு 10 முதல் 14. கூட்டிப் பாருங்கள். ஆங்கிலம், சட்டம், தர்க்கம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மூன்றும் அடிப்படையில் ஒரே திறமையைத்தான் சோதிக்கின்றன, வாசிப்பு.

க்யூட் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கானது. கணினியில் எழுதுவது. தமிழிலும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மொழித்தாளாகத் தமிழையே எடுத்தால் தமிழ்ப் பத்தியைப் படித்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம். 2025-ல் ஒவ்வொரு தாளும் 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு 5, தப்புக்கு ஒன்று கழியும். எந்தெந்தத் தாள் எழுத வேண்டும் என்பது நீங்கள் சேர விரும்பும் படிப்பைப் பொறுத்தது. பொதுத் தாளில் தர்க்கம் இருக்கும், ஆனால் அது எண் வரிசை, உறவுமுறை, திசை மாதிரிப் புதிர்கள் கலந்தது. கிளாட் தர்க்கம் வேறு ஜாதி.

சட்டம் படிக்க கிளாட் மட்டுமே வழி என்று நினைத்துவிடாதீர்கள். ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை, செலவும் மிகக் குறைவு. கிளாட்டுக்குத் தயாராகிக்கொண்டே அதற்கும் விண்ணப்பித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

2. சான்றிதழ் வேலையை ஜூனிலேயே தொடங்குங்கள்

பயிற்சியைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட கடைசியில் தாசில்தார் அலுவலக வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் சிக்கல் பெயர். நம் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் அப்பா பெயரே முழுதாக இருக்கும். மூன்றையும் எடுத்து ஒரே மேசையில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்பில் எப்படி இருக்கிறதோ அதுதான் அளவுகோல், ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆதார் மையத்தில் இதற்கு 100 ரூபாய்க்குள்தான் ஆகும், ஆனால் மாற்றம் ஏற நாள் பிடிக்கும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று கையில் இருக்கும் சான்றிதழ் மத்திய அரசின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அதற்கு மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் (ஓ.பி.சி.யில் வசதி படைத்த பிரிவு) வரவில்லை என்று குறிப்பிட்டு, தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள், அதனால் போன வருடத்துச் சான்றிதழை நம்பி இருக்காதீர்கள். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாமே அங்கே இருக்காது.

இருப்பிடச் சான்றிதழும் வாங்கி வையுங்கள். பல சட்டப் பல்கலைக்கழகங்களில் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. வருமானச் சான்றிதழ் உதவித்தொகைக்குத் தேவைப்படும்.

இவை எல்லாம் இ-சேவை மையத்தில் போடுவதுதான். ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். முதலில் கேன் நம்பர் என்று ஒன்று எடுப்பார்கள், அதிலும் பெயர் எழுத்தைச் சரிபாருங்கள். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போகும். நடுவில் திருப்பி அனுப்பினால் போனுக்கு ஒரு குறுஞ்செய்திதான் வரும். அப்பாவின் பழைய நம்பரைக் கொடுத்திருந்தால் அதுவும் வந்து சேராது. மூன்று வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வந்துவிட்டால் வருவாய்த் துறை ஆட்கள் வெள்ள வேலையில் இருப்பார்கள், நம் மனு அங்கேயே தூங்கும்.

3. பணம்

கிளாட் விண்ணப்பம் 4,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி., வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு 3,500. ஓ.பி.சி.க்குச் சலுகை கிடையாது. வழக்கமாக ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி அக்டோபர் வரை விண்ணப்பம் திறந்திருக்கும். க்யூட் 2025-ல் மூன்று தாள் வரை பொதுப்பிரிவுக்கு 1,000, எஸ்.சி., எஸ்.டி.க்கு 800. அந்த ஆண்டு மார்ச்சில் விண்ணப்பம் வாங்கினார்கள், மே நடுவில் தேர்வு தொடங்கியது. இந்தத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும், ஜனவரியிலிருந்தே இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

கடலை நம்பிய குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு வீடுகளில் வரவு நின்றுபோகும். க்யூட் தேர்வுக்கான பயணச் செலவு சரியாக அந்த நேரத்தில்தான் வரும். கிளாட் விண்ணப்பம் தடை முடிந்த பிறகு வருவதால் பரவாயில்லை. ஆனால் அதன் பெரிய செலவு கவுன்சிலிங்கில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கோச்சிங் பற்றி என் கருத்து: தேவையில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் பணத்தைக் கொடுக்கும் முன் அவர்களுடைய ஒரு மாதிரித் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்களுக்கு ஆன்லைனில் வகுப்பு விற்ற ஒரு நிறுவனத்தின் தர்க்கத் தாள் முழுக்க 'ராமுவின் அப்பாவின் தங்கை சீதாவுக்கு என்ன உறவு' என்கிற ரகம். 2020-லிருந்து கிளாட் பத்தி வாசிப்பு முறைக்கு மாறிவிட்டது, அந்த ஆள் பழைய சரக்கையே புது அட்டை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். புதிர்கள் அறவே வராது என்று சொல்லவில்லை, இடையிடையே எட்டிப் பார்க்கும். வாரம் ஒரு நாள் அதற்குப் போதும். பழைய புத்தகக் கடையில் 2020-க்கு முந்தைய கிளாட் கையேடு மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள்.

பழைய கேள்வித்தாள்கள் விடைக்குறிப்போடு தேர்வு நடத்தும் கன்சார்டியத்தின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. அதைவிட நல்ல பயிற்சிப் பொருள் வெளியே எங்கும் கிடைக்காது. ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். போன் திரையில் படித்துப் பழகினால் தாளில் கோடு போட்டுப் படிக்கும் பழக்கம் வராது.

4. முதல் மாதம் தமிழிலேயே பழகுங்கள்

தமிழ் மீடியம் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் ஆங்கிலத் தலையங்கத்தில் போய் மோதுகிறார்கள். அங்கே இரண்டு சுமை ஒன்றாக ஏறுகிறது. சொல்லும் புரியவில்லை, வாதமும் புரியவில்லை. எது புரியாததால் விடை தப்பானது என்றே தெரியாது.

அதனால் முதலில் வாதத்தைப் பிரிக்கத் தமிழில் பழகுங்கள். தமிழ் நாளிதழ்களின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாங்கவில்லை என்றால் ஊர் நூலகத்தில் கிடைக்கும். கட்டுரையாளர் கடைசியில் நம்மை எதை ஏற்கச் சொல்கிறார்? அதற்குக் கொடுக்கும் காரணங்கள் எவை? சொல்லாமலே எதை நம்பிக்கொண்டிருக்கிறார்? இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள். முதல் இரண்டும் சீக்கிரம் வந்துவிடும். மூன்றாவதற்குப் பிடிபட நாளாகும், தேர்வில் மார்க்கைப் பிரிப்பதும் அதுதான்.

'ஆகவே', 'எனவே' வந்தால் அதுதான் முடிவு என்று வட்டம் போடாதீர்கள். பாதி வழியில் ஒரு 'ஆகவே' வந்து, அதை வைத்துக்கொண்டு இன்னொரு பெரிய முடிவுக்குப் போவார்கள். இதைக் கீழே உதாரணத்தில் காட்டுகிறேன்.

5. ஆங்கில வாசிப்பும் வேகமும்

தமிழில் வாதம் பிடிபட்ட பிறகு ஆங்கிலத்துக்கு வாருங்கள். அதுவும் படிப்படியாகத்தான். உங்களுடைய அறிவியல், சமூக அறிவியல் பாடப்புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பை எடுங்கள், ஒன்பது, பத்தாம் வகுப்பு போதும். பாடம் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழியை மட்டும் கவனிக்கலாம். புத்தகங்கள் இணையத்தில் இலவசம். அப்புறம் என்.சி.இ.ஆர்.டி. வரலாறு, அரசியல் அறிவியல். அதன் பிறகு ஆங்கில நாளிதழின் கட்டுரைப் பக்கம். ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படித்தால் செலவே இல்லை.

தெரியாத சொல் வந்த உடனே போனை எடுத்து அர்த்தம் பார்க்காதீர்கள். தேர்வறையில் போன் இருக்காது. முன்னும் பின்னும் உள்ள வரியை வைத்து ஊகித்து, பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டு, முழுப் பத்தியும் முடிந்த பிறகு அகராதியோடு ஒப்பிடுங்கள். ஊகம் சரியாக வர ஆரம்பித்தால் சொல்வளம் பற்றிய பயம் தானாகப் போகும்.

இப்போது வேகக் கணக்கு. கிளாட் பத்தி ஒவ்வொன்றும் 450 சொல் வரை இருக்கும். தாள் முழுக்கக் கூட்டினால் ஏறக்குறைய 9,000 சொல் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 100 சொல் படிப்பவருக்கு வாசிக்கவே 90 நிமிடம் போய்விடும், 120 கேள்விக்கு மிச்சம் 30 நிமிடம். 150 சொல் என்றால் 60 நிமிடம். 200 என்றால் 45. முதல் நாளே போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து உங்கள் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். 200-ஐத் தாண்டினால் போதும். அதற்கு மேல் வேகம் கூட்டப் பயிற்சி என்று விற்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். புரியாமல் வேகமாகப் படித்தவர் திரும்பப் படிக்கத்தான் வேண்டியிருக்கும்.

வாயசைத்துப் படிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நம்மில் பலருக்கு ஓதிப் படித்தே பழக்கம் என்பதால் இது கொஞ்சம் கஷ்டம்தான்.

6. தர்க்கக் கேள்வி: தெரிந்த விஷயம்தான் ஆபத்து

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். நான் எழுதிய ஒரு பயிற்சிப் பத்தி இது:

"61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முதல் வாரத்தில், கரைக்கு வரும் மீன் மற்ற வாரங்களைவிட மிக அதிகமாக இருக்கிறது. ஆகவே தடைக்காலம் கடலில் மீன்வளத்தைப் பெருக்குகிறது. தடையை இன்னும் ஒரு மாதம் நீட்டித்தால் மீனவர்களின் ஆண்டு வருமானம் கூடும்."

முதல் கேள்வி, ஆசிரியரின் இறுதி முடிவு என்ன? 'ஆகவே'யைப் பார்த்து இரண்டாம் வரியைச் சொல்பவர்கள் அதிகம். அது நடுவில் உள்ள முடிவு. அதன்மேல் ஏறி நின்று அவர் சொல்ல வருவது மூன்றாம் வரி.

இரண்டாம் கேள்வி, தடைக்காலம் மீன்வளத்தைப் பெருக்குகிறது என்ற கூற்றை எது பலவீனப்படுத்தும்?

அ) தடைக்கால நிவாரணத் தொகை போதவில்லை என்று மீனவர்கள் சொல்கிறார்கள்.
ஆ) விசைப்படகுகளைவிட நாட்டுப்படகுகள் கடலுக்குக் குறைந்த சேதமே செய்கின்றன.
இ) தடை முடிந்த முதல் வாரத்தில் மற்ற வாரங்களைவிட அதிகப் படகுகள் அதிக நேரம் வலை இழுக்கின்றன.
ஈ) மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் வேறு மாதங்களில் வருகிறது.

விடை இ. மீன் அதிகம் வந்ததற்கு வேறொரு காரணம் காட்டுகிறது, அதிகம் பிடித்ததால் அதிகம் வந்தது. கடலில் மீன் பெருகியதா இல்லையா என்பதை அந்த முதல் வார வரவு இனி நிரூபிக்காது.

என் தங்கை ஆ-வைத் தேர்ந்தெடுத்தாள். (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.) "காக்கா, இது உண்மைதானே? மாமா எத்தனை தடவ சொல்லியிருக்காங்க, ட்ராலர் வந்து அரிச்சிட்டுப் போகுதுன்னு!" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அ-வும் ஈ-யும் அப்படித்தான். கடலைப் பற்றி ஒன்றுமே தெரியாத கோயம்புத்தூர்ப் பிள்ளை இந்தக் கேள்வியைச் சுலபமாகப் போட்டிருக்கும். நமக்குத் தெரிந்த விஷயம், நமக்குக் கோபம் வரும் விஷயம் பத்தியாக வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டு, 'பத்தி என்ன சொல்கிறது' என்று திரும்பிப் போங்கள். மதம், மொழி, இடஒதுக்கீடு, பெண்கள், அகதிகள் பற்றியெல்லாம் பத்தி வரும். அந்தக் கருத்தோடு நீங்கள் ஒத்துப்போகிறீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

மூன்றாம் கேள்வி, ஆசிரியர் சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பது எது? இதற்கு ஒரு நல்ல வழி, ஒவ்வொரு விடையையும் தலைகீழாக்கிப் பார்ப்பது. 'மீன் வரவு கூடினால் அதற்கேற்ப விலை விழுந்து வருமானத்தை அடித்துவிடாது' என்று ஒரு விடை இருக்கிறது என்று வையுங்கள். தலைகீழாக்கினால், 'மீன் கூடினால் விலை விழுந்து வருமானத்தை அடித்துவிடும்.' அப்படியானால் மூன்றாம் வரி நிற்குமா? விழுந்துவிடும். எந்த விடையைத் தலைகீழாக்கினால் வாதம் சரிகிறதோ, அதுதான் ஆசிரியர் மறைமுகமாக நம்புவது. தலைகீழாக்கியும் வாதம் அசையாமல் நின்றால் அந்த விடை வேண்டாம்.

தப்பான விடைகள் வருவதற்குச் சில வாடிக்கையான வேஷங்கள் உண்டு. 'எல்லோரும்', 'எப்போதும்', 'மட்டுமே' என்று பத்தி சொல்லாத அளவுக்கு அடித்துச் சொல்லும். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கும். முதல் பாதி பத்தியிலிருந்து அப்படியே வரும், பின்பாதியில் ஒரு சொல் மாறியிருக்கும். இந்தக் கடைசி வகையில்தான் அவசரக்காரர்கள் விழுகிறார்கள். விடையைக் கடைசிச் சொல் வரை படியுங்கள்.

7. சட்டத் தர்க்கம்

சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியை அவர்களே பத்தியில் தருவார்கள், அதை ஒரு சம்பவத்தில் பொருத்த வேண்டும்.

உதாரணமாக, விதி: 'ஒருவர் கைவசம் உள்ள பொருளை அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு எடுப்பது திருட்டு.' சம்பவம்: போன மாதப் புயலில் அடித்துப்போன யாருடையது என்று தெரியாத ஒரு வலை கரை ஒதுங்கிக் கிடக்கிறது. ஒருவர் அதை எடுத்துப்போய் விற்றுவிடுகிறார். திருட்டா?

நம் ஊர் நியாயப்படி விசாரித்துக் கொடுத்திருக்க வேண்டும், ஆகவே திருட்டு என்று கை போகும். விதியைப் பாருங்கள். 'கைவசம் உள்ள பொருள்' என்கிறது. கரையில் கிடந்த வலை யார் கைவசமும் இல்லை. கொடுத்த விதிப்படி திருட்டு ஆகாது. வேறு குற்றமாக இருக்கலாம், கேள்வி அதைக் கேட்கவில்லை. விதியைத் துண்டு துண்டாக உடைத்து, கைவசம் இருந்ததா, சம்மதம் இல்லையா, நோக்கம் என்ன என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் விடை மாறிவிடும்.

8. தப்பு நோட்டு

ஒரு நாளைக்கு இரண்டு பத்தி போதும். ஆனால் போட்ட நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் திருத்துவதற்குச் செலவிடுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு தப்புக்கும் எழுதுங்கள்: நான் போட்ட விடை எது, அது என்னை எதைச் சொல்லி இழுத்தது, சரியான விடைக்கு ஆதாரம் பத்தியில் எந்த வரி. 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள், அது காரணமே இல்லை. குருட்டாம்போக்கில் சரியாக வந்ததையும் தப்புக் கணக்கிலேயே சேருங்கள்.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் உங்கள் பலவீனம் தெரியும். என் தங்கைக்கு அடித்துச் சொல்லும் விடைகள் சிக்கலே இல்லை. தனக்குத் தெரிந்த உண்மைகளில்தான் விழுந்துகொண்டிருந்தாள். அது தெரிந்த பிறகு ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் பத்தியின் வரி எண்ணை எழுத வைத்தேன். வரி எண் எழுத முடியாத விடைக்கு டிக் கிடையாது.

சில நேரம் அதிகாரபூர்வ விடைக்குறிப்பே நம்மைக் குழப்பும். 2025 சேர்க்கைக்கான கிளாட் விடைக்குறிப்பு டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒன்றிரண்டு கேள்விகளில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால் அதைக் கட்டிக்கொண்டு அழாமல் அடுத்ததற்குப் போங்கள்.

9. முழுத் தேர்வுப் பயிற்சி

செப்டம்பர் கடைசி வரை பகுதி பகுதியாகப் பழகினால் போதும். அக்டோபரிலிருந்து வாரம் ஒரு முழுத் தாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 முதல் 4 வரை. ஏன் அந்த நேரம் என்றால், கிளாட் நடப்பதே அந்த நேரத்தில்தான். மதியம் மீன் குழம்புச் சோறு சாப்பிட்டுக் கண் செருகும் வேளை. அந்த வேளையில் மூளையை வேலை வாங்கப் பழகவில்லை என்றால் தேர்வன்று முதல் அரை மணி நேரம் வீணாகும். ஓ.எம்.ஆர். தாளையும் பிரிண்ட் எடுத்து வட்டம் நிரப்பியே பழகுங்கள். 120 வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் போகிறது என்று பார்த்தால் அசந்துவிடுவீர்கள்.

வரிசை உங்கள் விருப்பம். நாங்கள் நடப்பு நிகழ்விலிருந்து தொடங்கினோம். அங்கே பெரும்பாலான கேள்விக்குப் பத்தியை முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. தெரிந்தால் போடலாம், தெரியாவிட்டால் பத்தி உதவாது. அங்கே மிச்சமாகும் நிமிடங்கள் சட்டத்துக்கும் தர்க்கத்துக்கும் உதவும்.

நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து காலியாக விடுவதும் ஒரு பொறி. நான்கு விடைகளில் இரண்டை உறுதியாகத் தள்ளிவிட்டால் மிச்ச இரண்டில் ஒன்றைப் போடுங்கள். அப்படி நான்கு கேள்வியில் போட்டு இரண்டு சரி, இரண்டு தப்பு என்றாலும் ஒன்றரை மார்க் லாபம். க்யூட்டில் 5-க்கு 1 என்பதால் காலியாக விடுவதில் அர்த்தமே இல்லை.

டிசம்பரில் பள்ளி அரையாண்டுத் தேர்வும் வரும். நவம்பரிலேயே ஆசிரியர்களிடம் சொல்லி வையுங்கள்.

10. பயணம்

கிளாட் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஞாயிறு. விண்ணப்பத்தில் தேர்வு நகரம் கேட்கும்போது பட்டியலைப் பார்த்து மதுரையை முதலில் போடுங்கள், அடுத்து திருச்சி. ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டருக்கு மேல், ராமேசுவரத்திலிருந்து 170. ஞாயிறு காலை கிளம்பினால் போதும் என்று கணக்கு சரியாகத்தான் தோன்றும். ஆனால் டிசம்பர் முதல் வாரம் நம் கரைக்குப் புயல் காலம். 2020-ல் புரெவி டிசம்பர் தொடக்கத்தில்தான் பாம்பன் பக்கம் வந்து நின்றது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ராமேசுவரம் தீவிலிருந்து வருபவர்கள் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடுங்கள். மற்றவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் மதுரையில் இருங்கள், சொந்தக்காரர் வீடு இருந்தால் நல்லது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு தீவிலிருந்து ரயில் மறுபடி ஓடுகிறது. அதற்காகக் காற்று மழை நாளில் கடைசி ரயிலை நம்பி இருக்க வேண்டாம்.

ஹால் டிக்கெட்டை இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். அசல் அடையாள அட்டை, நீலம் அல்லது கருப்பு பால்பாயிண்ட் பேனா இரண்டு, லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டில். முள் கடிகாரம் அனுமதி என்றால் கட்டிக்கொள்ளுங்கள், ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். சனிக்கிழமையே ஒரு நடை போய் மையத்தைப் பார்த்து வந்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு வளாகம் உள்ள கல்லூரிகள் மதுரையில் உண்டு.

11. தேர்வுக்குப் பிறகு

சில நாட்களில் தற்காலிக விடைக்குறிப்பு வரும். ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கேள்விக்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும். மிக உறுதியாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

முடிவு வந்ததும் கவுன்சிலிங்குக்குப் பதிய அழைப்பார்கள். 2025 சேர்க்கையில் பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 30,000, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000. இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் கட்டக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு, அப்போது போய்ப் பணம் புரட்ட முடியாது. நவம்பரிலேயே வீட்டில் பேசி ஒதுக்கி வையுங்கள். நகை அடகு வைப்பதாக இருந்தாலும் வங்கி விடுமுறை நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். 

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் விடுதியோடு சேர்த்தால் பெரும்பாலும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல். கல்லூரி விருப்ப வரிசை போடும் முன் ஒவ்வொன்றின் கட்டணத்தையும் எழுதி வைத்து ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். ஐ.ஐ.டி. போன்ற உயர்கல்வி நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்விச் செலவை ஏற்கும் திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள், தாங்கள் சேரப்போகும் கல்லூரி அதில் வருகிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு, எல்லா வகுப்புக்கும் படிப்புச் சான்றிதழை எழுதி வாங்கி வையுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும், அதை அரையாண்டு விடுமுறை தொடங்கும் முன் முடித்துவிடுங்கள்.